தூர்மலே சாலையை வீரர்களுக்கு விட்டுவிடுங்கள்

ஒவ்வொரு ஜூலையிலும் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தின் மலையேற்றத்தை நேரலையில் பார்க்க உட்காரும்போதே வயிற்றில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாலையை மறித்துக்கொண்டு நிற்கும் ரசிகர்கள்தாம் அதற்குக் காரணம்.

பிரனீஸ் மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரத்தில் இருக்கும் தூர்மலே கணவாயை மேற்குப் பக்கமாக ஏறினால் ஏறத்தாழ 19 கிலோமீட்டர், அதுவும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் சராசரியாக ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்துகொண்டே போகும் சாலை. முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக அதில் மிதித்து, உதட்டோரம் எச்சில் காய்ந்து, வாய் பிளந்து மூச்சு வாங்கியபடி வரும் வீரரின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, கைபேசியை நீட்டிக்கொண்டு ஒருவர் பின்னோக்கி ஓடுகிறார். கொடியைப் போர்த்திய இன்னொருவர் கூடவே ஓடிக் காதருகே கத்துகிறார். வேறொருவர் கொளுத்திய வண்ணப்புகை நேராக அந்த வீரரின் நுரையீரலுக்குள் போகிறது. இதற்குப் பெயர் ஆதரவா?

இதே தூர்மலேயில், 1913-இல், இறக்கத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவை உடைந்துபோன பிரெஞ்சு வீரர் யூஜீன் கிறிஸ்தோஃப் மிதிவண்டியைத் தோளில் சுமந்து மலையடிவாரக் கொல்லுப்பட்டறை வரை நடந்தார். பிறர் உதவி கூடாது என்பது விதி என்பதால் இரும்பைத் தாமே காய்ச்சி, தாமே அடித்து, கவையைச் சரிசெய்தார். ஆனால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் கைகொடுத்துவிட்டான் என்று அதற்கும் தண்டனை நேரம் விதித்தார்கள். அது கொடுமையான விதிதான், நான் அதை மெச்சவில்லை. ஆனால் துருத்தியைத் தொட்ட சிறுவனின் கையைக்கூடக் குற்றமாகக் கண்ட பந்தயத்தில், இன்று எவர் வேண்டுமானாலும் வீரரின் முதுகைத் தட்டலாம், பிடித்துத் தள்ளலாம் என்று ஆகிவிட்டதைப் பார்க்கையில் எனக்கு மனம் ஆறவில்லை.

விபரீதம் நடக்காமலும் இல்லை. ஆல்ப்ஸ் மலையின் ஆல்ப் துவேஸ் ஏற்றத்தில், 1999-இல், வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த இத்தாலிய வீரர் கெரினியைப் படமெடுக்க வந்த ஒருவர் மோதிக் கீழே தள்ளினார்; நல்லவேளையாக கெரினி எழுந்து ஓட்டி வென்றுவிட்டார். அதே ஏற்றத்தில் 2018-இல் இன்னொரு இத்தாலிய வீரரான வின்சென்சோ நிபாலிக்கு அந்த நல்லவேளை வாய்க்கவில்லை. கூட்ட நெரிசலில் விழுந்து, முதுகெலும்பில் முறிவோடு அன்றைய கட்டத்தை ஓட்டி முடித்தவர் மறுநாள் பந்தயத்தில் இல்லை. மாதக்கணக்கான பயிற்சி ஒரே நொடியில் போயிற்று.

நுழைவுச்சீட்டு இல்லாமல், எந்த ஏழையும் உலகின் தலைசிறந்த வீரர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க முடிகிற விளையாட்டு இது என்று நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன். மலை முழுவதும் தடுப்புவேலி போட வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சாலையை மறிக்கும் இவர்கள்மீது இத்தனை ஆத்திரம். இவர்கள் செய்கிற காரியத்தால் நாளைக்கு அந்த வேலி வரத்தான் போகிறது. மூன்று நாள் முன்பே வந்து கூடாரம் அடியுங்கள், தார்ச்சாலையில் வீரரின் பெயர் எழுதுங்கள், தொண்டை வற்றக் கத்துங்கள். வீரர் நெருங்கும்போது மட்டும் இரண்டடி பின்னால் போய் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் ஓடத் தொடங்கினால், சட்டையைப் பிடித்து இழுத்து அவரையும் நிறுத்துங்கள்.