மாலில் உட்கார ஓர் இடம்

துணி எடுப்பதில் எனக்கு என்றுமே ஆர்வம் இருந்ததில்லை. இரண்டு சட்டை தேவை என்றால் கடைக்குள் போய், அளவைச் சொல்லி, பிடித்ததை எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். குடும்பத்தோடு போகும்போது அது நடக்காது. நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. துணியைத் தொட்டுப் பார்த்து, விலையை ஒப்பிட்டு, வேண்டாம் என்று மடித்து வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போக மனைவிக்கும் மகளுக்கும் முழு உரிமை உண்டு. நான் கேட்பதெல்லாம், அவர்கள் வரும்வரை உட்கார ஓர் இடம். சென்னையில் நான் போகிற மால்களில் அதற்குத்தான் பஞ்சம்.

பல மாடிக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிறார்கள். தளத்துக்கு இரண்டு பெஞ்சு கண்ணில் பட்டால் அதிகம். அதிலும் சாய்மானம் இருக்காது. முதுகு வலி உள்ளவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். மற்ற நாற்காலிகளெல்லாம் ஏதாவதொரு காபிக் கடைக்குச் சொந்தம். அங்கே உட்கார ஒரு காபி வாங்கியாக வேண்டும். அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒரு வாரப் பால் வாங்கிவிடலாம்.

போன கோடை விடுமுறையில் ஒரு மாலில் பார்த்ததைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, கையில் பேரனுடைய தண்ணீர் பாட்டில். பெரிய செடித் தொட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். காவலாளி வந்து, "ஐயா, இங்கே உட்காரக் கூடாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "சரி தம்பி, எங்கே உட்காரட்டும்?" என்று பெரியவர் கேட்டார். காவலாளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். காட்டுவதற்கு ஓர் இடம் இல்லை. கடைசியில், "மேலே ஃபுட் கோர்ட் இருக்கிறது ஐயா" என்றார். பெரியவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் காவலாளி மேல் எனக்கு வருத்தமில்லை. காலையிலிருந்து அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவருக்கும் நாற்காலி கிடையாது.

கட்டும்போது மறந்துவிட்டார்கள் என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மாலில் எதுவும் தற்செயலாக அமைவதில்லை. சுவரில் கடிகாரம் இருக்காது. வெளியே இருட்டிவிட்டதா என்று பார்க்க ஜன்னல் இருக்காது. பல மால்களில் ஒரு மாடி ஏறிய பிறகு அடுத்த எஸ்கலேட்டரைப் பிடிக்க அரை வட்டம் சுற்ற வேண்டும், வழியெல்லாம் கடைகள். சினிமா தியேட்டரையும் ஃபுட் கோர்ட்டையும் உச்சி மாடியில் வைப்பதற்குக் காரணம், படம் பார்க்க வந்தவரும் சாப்பிட வந்தவரும் எல்லாத் தளங்களையும் கடந்து ஏறி இறங்க வேண்டும் என்பதே. இத்தனையும் கணக்குப் போட்டுச் செய்கிறவர்கள், பெஞ்சைக் குறைப்பதையும் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன். உட்கார்ந்திருப்பவர் எதையும் வாங்குவதில்லை அல்லவா?

வேதனை என்னவென்றால், இந்த வடிவத்தைக் கொடுத்த மனிதர் நினைத்தது இதற்கு நேர்மாறானது. விக்டர் குரூயன், வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர். 1938இல் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனதும் தப்பித்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். மினியாபொலிஸ் நகரை ஒட்டிய ஈடினாவில் அவர் வடிவமைத்த சவுத்டேல் 1956 அக்டோபரில் திறக்கப்பட்டது. முழுக்கக் கூரையிட்டு, உள்ளே வெப்பநிலையைச் சீராக வைத்திருந்த முதல் மால் அதுதான் என்கிறார்கள். நடுவே பெரிய முற்றம், மரங்கள், உயரமான பறவைக் கூண்டு. காருக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்த அமெரிக்கர்கள் இறங்கி வந்து ஒருவரையொருவர் சந்தித்துப் பேச ஒரு பொது இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. சுற்றிலும் வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா எல்லாம் அவருடைய திட்டத்தில் இருந்தன. கடைகள் வந்தன, கார் நிறுத்துமிடம் வந்தது. அவர் வரைந்த ஊர் வரவில்லை. பிறகு வந்தவர்கள் லாபம் தரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கட்டினார்கள். 1978இல் லண்டனில் பேசியபோது, இந்தக் கட்டடங்களுக்குத் தன்னைத் தந்தை என்று சொல்லாதீர்கள், இவை நகரங்களை அழித்துவிட்டன என்று அவர் கசந்து பேசினார். இரண்டே ஆண்டுகளில் இறந்தும் போனார்.

மால்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதச் சென்னையில் காசு கொடுக்காமல் குளிர்ச்சியாக நடக்க வேறு இடம் ஏது? என் தாயார் குழியும் மேடும் இல்லாமல் நடந்த தரை மாலின் தரைதான். நம் நடைபாதைகளில் அவரைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. பெண்கள் தயங்காமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை இருக்கிறது. கல்லூரிப் பெண்கள் இரவு எட்டு மணிக்குக் கவலையில்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. இவ்வளவு செய்ய முடிந்தவர்களால் நாற்பது பெஞ்சு போட முடியாதா என்பதுதான் என் கேள்வி. மாலுக்கு அனுமதி கொடுக்கும்போது இத்தனை வாகனம் நிறுத்த இடம் விட வேண்டும் என்று கட்டட விதிகள் கண்டிப்பாகக் கேட்கின்றன. காருக்குக் கேட்கும் இடத்தை மனிதனுக்கும் கேட்கலாம். இத்தனை சதுர அடிக்கு இத்தனை இருக்கை, சாய்மானத்தோடு, எதுவும் வாங்காமலே உட்காரலாம் என்று எழுதி வைக்கட்டும்.

நானாவது இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அங்கே வேலை பார்ப்பவர்கள்?

டிரையல் ரூம் வாசலில் காத்திருந்தபோது ஒரு பெண்ணைக் கவனித்தேன். என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கறுப்பு ஷூவிலிருந்து இடது குதிகாலை வெளியே எடுத்து, வலது கணுக்காலில் வைத்துத் தேய்த்தாள். பிறகு கால் மாற்றினாள். வாடிக்கையாளர் யாருமில்லை, மடிக்க வேண்டிய துணியும் தீர்ந்துவிட்டது. அலமாரியின் ஓரத்தில் இடுப்பைச் சற்றுச் சாய்த்தவள், மேலே ஒரு முறை பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். "உட்கார ஸ்டூல் கிடையாதாம்மா?" என்று கேட்டேன். "இருக்கிறது சார், சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். கேமராவில் பார்ப்பார்கள்" என்றாள்.

அவள் உட்காரலாம் என்று இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்ய 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் மசோதா வந்தது, நிறைவேறியது. ஊழியர்களுக்கு இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். கேரளம் 2018லேயே இதைச் செய்துவிட்டது. அது தானாகக் கனிந்துவிடவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், பெண்கூட்டு என்ற அமைப்பில் சேர்ந்து, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த உரிமையின் பலன்தான் நம் ஊர்ப் பெண்களுக்கும் சட்டப் புத்தகம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

உட்கார்ந்தபடி வியாபாரம் செய்வது நமக்குப் புதிதா? காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுக்குப் புடவை வாங்கப் போனால் பாய் விரிப்பார்கள். வாங்குகிறவரும் உட்காருவார், விற்கிறவரும் உட்காருவார், நடுவில் புடவை விரியும். பழைய ஜவுளிக் கடைகளில் மெத்தை போட்டு, திண்டு வைத்து முதலாளியே உட்கார்ந்திருப்பார். அதனால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லை. விற்பவர் நின்றால்தான் வாங்குபவருக்குக் கௌரவம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. என் பணத்துக்கு அந்த மரியாதை எனக்கு வேண்டாம். ஒரு பெண் உட்கார்ந்தபடியே "என்ன வேண்டும் சார்?" என்று கேட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை இப்போதெல்லாம் கடை மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் பில் போடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள். தனியாக ஓர் ஊழியர் கேட்டால் அவருடைய வேலைக்கு ஆபத்து. வாடிக்கையாளர் கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தப் பெண்கள் காலை பத்து மணியிலிருந்து இரவு கடை சாத்தும்வரை நிற்பார்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் சோதனைக்கு வர வேண்டிய நேரம் அதுதான். வரும்போது கடையில் நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. மேலாளரை வெளியே நிறுத்திவிட்டு, ஊழியர்களைத் தனியாக அழைத்து, கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள், உட்கார்ந்ததற்குச் சம்பளம் பிடித்தார்களா என்று கேட்க வேண்டும்.