டெம்ப்ளேட்டை விடுங்கள், ஃபார்மைப் பாருங்கள்

“லேண்டிங் பேஜ் போட எந்த பில்டர் நல்லது?” மாதத்துக்கு இரண்டு பேராவது இன்பாக்ஸில் வந்து கேட்டுவிடுகிறார்கள். விளம்பரத்தைச் சொடுக்கி வருகிறவர் தன் விவரங்களை நிரப்பிவிட்டுப் போகிற ஒற்றைப் பக்கம்தான் லேண்டிங் பேஜ். நிரல் எழுதாமல் அதைக் கட்ட உதவுகிற சேவை பில்டர். கூடவே மூன்று லிங்க் இருக்கும். ஒவ்வொன்றைத் திறந்தாலும் டெம்ப்ளேட்டுகள் வரிசைகட்டி நிற்கும். சிரிக்கிற ஒரு முகம், பெரிய தலைப்பு, கீழே பளபளவென்று ஒரு பட்டன். இதில் எது அழகு என்பதுதான் கேள்வி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். கையைச் சுட்டுக்கொண்ட பிறகு புத்தி வந்தது. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கேயே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஆன்லைனில் புகைப்பட வகுப்பு தொடங்கினார். பக்கம் போட்டுத் தருவது என் பொறுப்பு. பில்டரைத் தேர்ந்தெடுக்கவே நாலு சாயங்காலம் போனது. (பெயர் வேண்டாம். கோபமெல்லாம் என் மேல்தான்.) தலைப்பு எழுத்தின் தடிமன், பட்டன் மூலையின் வளைவு, பின்னணிப் படம் எவ்வளவு மங்கலாக இருக்கவேண்டும் என்று உட்கார்ந்து இழைத்தோம். விளம்பரம் ஓட ஆரம்பித்தது. முதல் நாள் ஒரு பதிவும் வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. தலைப்பு சரியில்லையோ என்றார், மாற்றினேன். பட்டன் நிறத்தை மாற்றினேன். ஒன்பதாம் நாள் வேறு எதையோ தேடி அவர் தன் ஸ்பேம் பெட்டியைத் திறந்தால், உள்ளே 37 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாள் பதிவு செய்தவருக்கு அன்றைக்குப் போன் போட்டால், “எந்த வகுப்புங்க?” என்று கேட்கிறார்.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. பக்கம் எதற்காக இருக்கிறதோ அந்த ஒரே விஷயத்தை நாங்கள் சோதித்துப் பார்க்கவேயில்லை.

என்ன நடந்தது என்று பிறகு நோண்டிப் பார்த்தேன். ஃபார்மை யாராவது நிரப்பினால் நண்பருக்கு ஒரு மெயில் போகும். அந்த மெயிலின் அனுப்புநர் முகவரியில், நிரப்பியவரின் முகவரியையே போட்டு வைத்திருந்தேன். அப்படியே பதில் அனுப்ப வசதியாக இருக்குமே என்ற எண்ணம். ஆனால் மெயிலை அனுப்புவது பில்டரின் சர்வர். வேறு ஒருவர் பெயரில், அவருக்குச் சம்பந்தமே இல்லாத சர்வரிலிருந்து வருகிற மெயிலைப் பெறுகிற பக்கம் எப்படி நம்பும்? எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் இதற்கென்றே இருக்கின்றன. எதிலும் தேறாத மெயில் பெரும்பாலும் ஸ்பேமுக்குத்தான் போகும். அனுப்புநராக நம் சொந்த டொமைன் (நம் தளத்தின் பெயர்) முகவரி இருக்கவேண்டும், நிரப்பியவர் முகவரி, பதில் எங்கே போகவேண்டும் என்று சொல்கிற ‘ரிப்ளை-டூ’வில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம், ஐந்து நிமிட வேலை. வேர்ட்பிரஸ் (தளம் கட்டுகிற மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அது வழக்கமாக சர்வரிலேயே இருக்கிற பிஹெச்பி மெயில் என்கிற வசதி வழியாகத்தான் அனுப்பும். எஸ்எம்டிபி ப்ளக்இன் (மெயில் அனுப்புவதற்கான துணை மென்பொருள்) ஒன்றைப் போட்டு முறையான மெயில் சேவையோடு இணைத்துவிடுங்கள்.

இதைவிட மோசமான இன்னொன்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஃபார்ம் மெயிலை அனுப்புவதோடு சரி, தன்னிடம் நகல் எதுவும் வைத்துக்கொள்ளாது. மெயில் தொலைந்தால் ஆளும் தொலைந்தார். நாங்கள் தப்பித்தது ஒன்பதாம் நாளே பார்த்ததால். ஜிமெயில் போன்றவை ஸ்பேமை 30 நாளில் தாமாகவே அழித்துவிடும்.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: பில்டரைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கவேண்டும். பட்டனை அழுத்திய பிறகு என்ன ஆகிறது என்பதிலிருந்து. பிறகு, இந்த பில்டரை விட்டுப் போனால் என்ன மிஞ்சும் என்று. முகப்பு அழகெல்லாம் கடைசி.

ஃபார்மில் நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். நிரப்பியவை பில்டருக்குள் பட்டியலாகச் சேமிக்கப்படுகின்றனவா, அதை சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கிற பட்டியலாக) எடுக்க முடிகிறதா? நம் மெயில் பட்டியலுக்கோ கூகுள் ஷீட்டுக்கோ நேரே அனுப்பமுடியுமா, இல்லை நடுவில் இன்னொரு கட்டணச் சேவை வேண்டுமா? மாதத்துக்கு இத்தனை பதிவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறதா? வரம்பு தாண்டினால் பக்கம் என்ன செய்யும்? பணம் கூடுதலாகக் கேட்டால்கூடச் சமாளிக்கலாம். சத்தமில்லாமல் பதிவுகளை மறைத்து வைத்தால் என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்விக்கு விலைப்பட்டியலில் பதில் இருக்காது, உதவிப் பக்கங்களில் தேடவேண்டும். இலவசத் திட்டம் என்று உள்ளே நுழைந்தால் பக்கமெல்லாம் கட்டலாம், ஃபார்ம் மட்டும் கட்டணத் திட்டத்தில் என்கிற கதையும் உண்டு. பக்கம் முழுதும் கட்டி முடித்த பிறகுதான் நமக்கு அது தெரியவரும்.

நன்றிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, பலர் கண்டுகொள்வதில்லை. நிரப்பியவுடன் அதே இடத்தில் “நன்றி” என்று ஒரு வரி வந்து நிற்பது ஒரு வகை. தனி முகவரி உள்ள வேறொரு பக்கத்துக்குக் கூட்டிப் போவது இன்னொரு வகை. நான் இரண்டாவதையே எடுப்பேன். விளம்பரத்திலிருந்து எத்தனை பேர் வந்து நிரப்பினார்கள் என்று எண்ணுவது அதில் சுலபம். அடுத்து என்ன நடக்கும், யார் அழைப்பார்கள் என்று சொல்ல இடமும் கிடைக்கும். அப்புறம், ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத புலங்கள் வைக்க முடிந்தால் நல்லது. விளம்பர லிங்கின் வாலில் இருக்கிற யுடிஎம் குறிகள் (எந்த விளம்பரம் என்று சொல்கிற சொற்கள்) அதில் தானாக வந்து விழும். எந்த விளம்பரம் ஆள் கொண்டுவந்தது, எது சும்மா காசைத் தின்றது என்று அந்த ஒரு நெடுவரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, வெளியேறும் வழிக்கு வருவோம். இதை யாரும் முதல் நாள் கேட்பதில்லை. குடிபோகிற அன்றைக்கே காலிசெய்வதைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைக்கிறோம். விக்ஸ் என்கிற பில்டரில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்கிற வாடகை சர்வரில்) வைக்கமுடியாது. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். வெப்ஃப்ளோ என்கிற இன்னொன்றில் கட்டணத் திட்டத்தில் பக்கத்தின் நிரலை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் வெளியே வந்தபிறகு அதன் ஃபார்ம் வேலை செய்யாது. வேர்ட்பிரஸ் திறமூலம், உங்கள் சர்வர், உங்கள் தரவுத்தளம். அதனால் கவலையே இல்லை என்று நினைத்துவிடவும் முடியாது. அதன்மேல் ஏற்றுகிற பில்டர் ப்ளக்இன் எப்படிப்பட்டது என்று பார்க்கவேண்டும். டபிள்யூபிபேக்கரி போன்றவை உள்ளடக்கத்தை ஷார்ட்கோடு எனப்படும் சதுர அடைப்புக்குறிக் கட்டளைகளுக்குள் பொதிந்து வைக்கும். ப்ளக்இன்னை நிறுத்தினால் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளாகக் கொட்டிக்கிடக்கும். எலிமென்டர் என்கிற இன்னொரு ப்ளக்இன்னை நிறுத்தினால் அலங்காரம் போகும், எழுத்தும் படமும் பெரும்பாலும் சாதாரணமாக நிற்கும்.

நாமாக வெளியேறாவிட்டாலும் அவர்கள் கடையை மூடலாம். பெரிய கம்பெனி என்பதெல்லாம் ஒரு உத்தரவாதமே இல்லை. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைலோடு (தேடலிலும் மேப்பிலும் நம் கடையைக் காட்டுகிற பதிவு) ஒற்றைப் பக்கத் தளம் ஒன்றை இலவசமாகக் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அந்த முகவரிக்குப் போகிறவர்களைப் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டதும் அதே வருடம் ஜூன் 10 வரைதான். அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

எனவேதான் டொமைன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். டொமைன் உங்கள் பெயரில், பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு டொமைன் பதிவு நிறுவனத்திடம் இருக்கட்டும். ஏற்கெனவே தளம் இருந்தால் லேண்டிங் பேஜுக்கு ஒரு சப்டொமைன் (அதே பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த முகவரி) உருவாக்கி, டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் சிநேம் பதிவு (இந்த முகவரி எங்கே போகவேண்டும் என்று சொல்கிற வரி) ஒன்றைப் போட்டு பில்டரோடு இணைத்தால் போதும். நாளைக்கு பில்டர் மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் சரி, விளம்பரங்களிலும் கார்டுகளிலும் உள்ள முகவரி அப்படியே இருக்கும். பில்டர் கொடுக்கிற இலவச முகவரியில் வருடக்கணக்காக விளம்பரம் செய்வது வாடகை வீட்டுச் சுவரில் பெயரைச் செதுக்குவது மாதிரி.

ஒரு சின்ன வரலாறு. இந்த வகை பில்டர்கள் யாருக்காகப் பிறந்தன என்று தெரிந்தால் தேர்வு பாதி முடிந்துவிடும். அன்பவுன்ஸ் 2009இல் வந்தது, லீட்பேஜஸும் இன்ஸ்டாபேஜும் 2012இல். விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் டெவலப்பர் எப்போது ஓய்வாவார் என்று காத்திருக்காமல் தாங்களே போட்டுக்கொள்ள வந்தவை இவை. வாரத்துக்கு நாலு பக்கம் போடுகிறவர்கள், ஒரு பக்கத்தை இருபதாக நகலெடுத்து ஒவ்வொன்றிலும் தலைப்பை மாற்றுகிறவர்கள், இவர்களுக்கு அவை கொடுக்கிற காசுக்குத் தகும். வருடத்துக்கு ஒரே பக்கம் போடுகிறவருக்கு எதற்கு அதெல்லாம்? 2016இல் வந்த கார்ட் என்கிற பில்டர் ஒற்றைப் பக்கத் தளங்களுக்காகவே இருக்கிறது, அது போதும். வேர்ட்பிரஸ் ஏற்கெனவே இருந்தால் அதனுள்ளேயே இருக்கிற பிளாக் எடிட்டரே (பகுதி பகுதியாகப் பக்கம் கட்டுகிற கருவி) போதும். அது 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்தபோது நானும் திட்டியவன்தான். இப்போது திட்டுவதில்லை.

பெரிய பில்டர்கள் விலைக்குக் காரணமாகக் காட்டுவது ஏ/பி டெஸ்ட்டை. ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் வந்தால் மூன்று பேர் நிரப்புகிறார்கள் என்று வையுங்கள். புது வடிவம் அதை நாலாக்குகிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஐயாயிரத்துக்கு மேல் பார்வையாளர்கள் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல். உங்கள் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள் என்றால் பதில் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வகுப்பே முடிந்துவிடும். கூட்டம் இல்லாத பக்கத்துக்கு இந்த வசதிக்காகப் பணம் கொடுப்பது வீண். அந்த நேரத்தில் நிரப்பிய நாலு பேரிடம் போன் பண்ணி, “எதைப் பார்த்து நிரப்பினீர்கள்?” என்று கேட்டுவிடலாம்.

மொபைல். வருகிறவர்களில் பெரும்பங்கு போனில்தான் வருகிறார்கள், நாம் கட்டுவது லேப்டாப்பில். பில்டர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் எதை எங்கே இழுத்து வைக்கிறோமோ அது அங்கேயே நிற்கும். இன்னொன்றில் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கவேண்டும், திரை சுருங்கினால் பெட்டிகள் தாமே கீழே இறங்கும். முதல் ரகம் பழக எளிது, சந்தோஷமாக இருக்கும். ஆனால் போனுக்கான அடுக்கைத் தனியாகச் செய்யவேண்டும். பிறகு ஒருநாள் லேப்டாப் வடிவத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விடுவோம், போனில் அந்த வரி பட்டன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டாவது ரகம் முதல் இரண்டு நாள் எரிச்சலூட்டும். என் ஓட்டு அதற்குத்தான்.

வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கிற அளவுகோலில் ஒன்று: பக்கத்தின் பிரதானப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரியவேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். பில்டரின் டெமோ பக்கத்தின் முகவரியை எடுத்து கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் போட்டு மொபைல் முடிவைப் பாருங்கள். அவர்களே செதுக்கி வைத்த பக்கமே தள்ளாடினால், நாம் படமும் வீடியோவும் ஏற்றிய பிறகு எப்படி இருக்கும்?

தமிழில் பக்கம் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. டெம்ப்ளேட்டில் அழகாகத் தெரிகிற அந்த ஆங்கில எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இருக்காது. நீங்கள் தமிழில் தட்டியதும் போனில் இருக்கிற ஏதோ ஒரு எழுத்துருவுக்கு அது தாவிவிடும், அழகு அங்கேயே முடிந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் இவையெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக உள்ளன. இவற்றை பில்டரில் தேர்ந்தெடுக்க முடிகிறதா, இல்லாவிட்டால் எழுத்துருவை நாமே ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். தலைப்புகளுக்கு ஆங்கிலத்துக்காக இறுக்கி வைத்திருக்கிற எழுத்து இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். நம் சொற்களும் நீளம். “சைன் அப்” என்று அளவெடுத்து வைத்த பட்டனில் “பதிவுசெய்துகொள்ளுங்கள்” என்று போட்டுப் பாருங்கள், தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் இப்போதெல்லாம் நான் செய்வது ஒன்றுதான். இலவசச் சோதனைக் காலத்தில் டெம்ப்ளேட் எதையும் தொடாமல் வெற்றுப் பக்கம் ஒன்றை எடுப்பேன். ஒரு தலைப்பு, இரண்டு வரி, ஒரு ஃபார்ம், ஒரு பட்டன். என் போனில் வைஃபையை அணைத்துவிட்டு அதைத் திறந்து நிரப்புவேன். வேறொரு மெயில் முகவரியிலிருந்து இன்னொரு தடவை. வீட்டில் யாரையாவது பிடித்து மூன்றாவது தடவை. மூன்றும் எங்கே வந்து சேர்கின்றன, எவ்வளவு நேரத்தில் வருகின்றன, பட்டியலாக இறக்க முடிகிறதா என்று பார்ப்பேன். பிறகு கணக்கை அழிக்கிற இடம் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும். இதில் தேறியவை இரண்டு மூன்றுதான் மிஞ்சும். அவற்றுக்குள் எந்த டெம்ப்ளேட் அழகு என்று தாராளமாகச் சண்டை போடுங்கள்.

நண்பரின் புகைப்பட வகுப்பு இன்னும் நடக்கிறது. பக்கம் இப்போது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அவர் எடுத்த ஒரே ஒரு படம், கீழே மூன்று புலங்கள் உள்ள ஃபார்ம். நான் இழைத்து இழைத்துச் செய்த அந்த வளைந்த பட்டனை அவரே தூக்கிவிட்டார். ஸ்பேம் பெட்டியை மட்டும் இன்றைக்கும் தினமும் காலையில் திறந்து பார்க்கிறார்.