சாவியை என்னிடம் கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்

போன மாதம் தெருமுனை மளிகைக்கடையில் 340 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு, கியூஆரை ஸ்கேன் செய்யப் போனை நீட்டினேன். முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய வங்கி ஆப், அன்று காலை அப்டேட் ஆகியிருந்தது. திறந்ததும் ஒரே வரி: 'உங்கள் சாதனம் பாதுகாப்பானது அல்ல.' அதோடு மூடிக்கொண்டது. கையில் சில்லறைகூட இல்லை. "நாளைக்குக் குடுங்க சார், எங்க போயிடப் போறீங்க" என்று கடைக்காரர் பையை நகர்த்தி வைத்தார். பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மனுஷனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, டிராயரில் கிடந்த பழைய போனைச் சார்ஜ் ஏற்றினேன். அதைத் தயாரித்த கம்பெனி கடைசியாகப் பாதுகாப்பு பேட்ச் அனுப்பியது 2021-இல். சிம்மை மாற்றிப் போட்டேன், ஆப்பை ஏற்றினேன், பதிவுக்கான எஸ்எம்எஸ் போனது, கடைக்காரருக்குப் பணமும் போனது. ஒரு கேள்வி கேட்கவில்லை.

கடையில் மானத்தை வாங்கிய போனில் இருப்பது லினேஜ் ஓஎஸ், கம்பெனி போட்டுத் தந்ததை எடுத்துவிட்டு நானே ஏற்றிய ஆண்ட்ராய்டு வகை. அந்த மாதத்துப் பேட்ச் வரைக்கும் ஏறியிருந்தது. ஆக, வருடக்கணக்கில் ஓட்டை அடைக்காத போன் நல்ல பிள்ளை, மாதாமாதம் அடைக்கிற போன் களவாணி. ஓப்பன் சோர்ஸ் போன், அதாவது நிரலை யாரும் திறந்து பார்க்கக்கூடிய போன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேமரா, பேட்டரி, மைக்குக்கும் கேமராவுக்கும் மின்சாரத்தையே துண்டிக்கிற கில் ஸ்விட்ச் என்று பட்டியல் போடுகிறார்கள். எனக்கு முதலில் வேண்டியது வேறு.

பூட்லோடர் என்பதை வீட்டு வாசல் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது அதுதான். உள்ளே வரப்போகிற ஓஎஸ்ஸில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்து, சரியாக இருந்தால்தான் உள்ளே விடும். நாம் கடையில் வாங்கும் போனில் அந்தப் பூட்டு இருக்கிறது, நல்ல பூட்டும்கூட. ஆனால் சாவி கம்பெனியிடம். வேறு ஓஎஸ் போட வேண்டும் என்றால் பூட்டைத் திறந்தாக வேண்டும். பெரும்பாலான போன்களில் திறந்தது திறந்ததுதான். நம் கையெழுத்தை வைத்து மறுபடி பூட்ட வழி கிடையாது.

இங்கே என் போனைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் லினேஜ் போனும் அப்படித்தான், வாசல் திறந்தே கிடக்கிறது. பத்து நிமிடம் தனியாகக் கையில் கிடைத்தால், விஷயம் தெரிந்த ஒருவர் ஓஎஸ்ஸிலேயே கைவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திருப்பித் தரலாம். வங்கி பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான். டிராயர் போனின் வாசல் பூட்டியிருக்கிறது, கொல்லைப்புறச் சுவரே இல்லை. அதைப் பற்றி வங்கிக்குக் கவலை இல்லை.

ஆகவே என் கோரிக்கை இது: பூட்டும் வேண்டும், சாவியும் என்னிடம் இருக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. கூகுளின் பிக்சல் போன்களில் இது இன்றைக்கே நடக்கிறது. பூட்லோடரைத் திறந்து, பாதுகாப்புக்கென்றே செய்த, கூகுள் ஆப்கள் இல்லாமல் வருகிற கிராஃபீன் ஓஎஸ் என்கிற ஆண்ட்ராய்டு வகையை ஏற்றி, அதன் சாவியைப் பதித்து மறுபடி பூட்டிவிடலாம். கூகுளிடமிருந்து தப்பிக்க நினைப்பவன் முதலில் கூகுள் போன் வாங்க வேண்டும் என்பதை நினைத்தால் சிரிப்பாகத்தான் வருகிறது. என்ன செய்வது, மற்ற கம்பெனிகளில் பெரும்பாலானவை கதவையே காட்டுவதில்லை.

மூலநிரல் திறந்திருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்று ஒரு போன் வந்தது, விலை 1,999 ரூபாய். உள்ளே மொஸில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ், முழுக்க ஓப்பன் சோர்ஸ். அதில் வாட்ஸப் கிடையாது. வேறு குறைகளும் உண்டு, ஆனால் இந்த நாட்டில் அந்த ஒன்றே போதும். 2015 டிசம்பரில் மொஸில்லா போன் வியாபாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் நிரல் சாகவில்லை. அதிலிருந்து கிளைவிட்ட கைஓஎஸ், 2017-இல் ஜியோபோனுக்குள் புகுந்து கோடிக்கணக்கான கைகளுக்குப் போனது. 2018-இல் வாட்ஸப்பும் வந்தது.

உலகத்தில் எந்த மாற்று ஓஎஸ்ஸுக்கும் எளிதில் கிடைக்காத வெற்றி. ஆனால் அந்தப் போனை வைத்திருந்தவருக்கு என்ன மாறியது? கம்பெனி கொடுத்த ஆப்கள்தான், கம்பெனி கொடுத்த சிம்தான். வேர் ஓப்பன் சோர்ஸ், பழம் பறிக்க அனுமதி இல்லை. ஆண்ட்ராய்டும் 2008-இலிருந்து ஓப்பன் சோர்ஸ்தானே, உங்கள் போனில் பிடிக்காத ஒரு ஆப்பை முழுசாக நீக்கிப் பாருங்கள்.

சரி, திறந்த நிரலால் பாதுகாப்புக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி இல்லை. 2024 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கலாம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்கிற, கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரலுக்குள், 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்லவராக நடித்து, பொறுப்பாளராகவும் ஆகி, ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். எல்லோர் கண்ணெதிரேயும். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தவருக்கு, எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்திலிருந்து இன்னொரு கணினிக்குள், நுழைவது அரை விநாடி தாமதமாவது உறுத்தியிருக்கிறது. நோண்டிப் பார்த்தார், கதை வெளியே வந்தது.

ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்பது பொய். ஒரு ஆளுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அடிவரை தோண்டலாம் என்பது மெய். எனக்கு அந்த இரண்டாவது போதும். மூடிய நிரலாக இருந்தால் அவர் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.

தோண்டவே முடியாத ஒரு மூலையும் எல்லா போனிலும் இருக்கிறது. டவரோடு பேசுகிற மோடம். அது தனியாக ஒரு குட்டிக் கணினி, அதற்குள் தனி ஓஎஸ், அதன் நிரல் மூடியது. 'முழுச் சுதந்திர போன்' என்று விற்கப்படுபவற்றிலும் அதேதான். 2014-இல் ரெப்ளிகன்ட் என்ற கட்டற்ற ஆண்ட்ராய்டு திட்டத்துக்காரர்கள், சில சாம்சங் கேலக்ஸி போன்களில் மோடம் நினைத்தால் போனின் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் முடிகிற வழி இருப்பதாகக் காட்டினார்கள். 2023 மார்ச்சில் ஓட்டை தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு, சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடம்களில் 18 ஓட்டைகளை அறிவித்தது. அதில் நான்குக்கு, தாக்குகிறவரிடம் உங்கள் போன் நம்பர் இருந்தாலே போதும். நீங்கள் எதையும் தொட வேண்டாம். பேட்ச் வரும்வரை வைஃபை காலிங்கையும், 4ஜி வழியாகக் குரல் போகிற வோல்ட்டியையும் அணைத்து வையுங்கள் என்றார்கள். இன்றைக்கு வோல்ட்டி இல்லாமல் யாரிடம் பேசுவது?

மோடத்தைத் திறந்து தா என்று கேட்டால் எந்த சிப் கம்பெனியும் தரப்போவதில்லை. குறைந்தபட்சம் அதைத் திண்ணையில் வை, அடுக்களைக்குள் விடாதே என்று கேட்கலாம். லிப்ரெம் 5 என்கிற லினக்ஸ் போன் செய்தது அதுதான். மோடம் தனி அட்டையில், முக்கியச் சிப்பின் நினைவகத்தைத் தொட முடியாதபடி. பக்கவாட்டில் மூன்று ஸ்விட்ச்: கேமரா-மைக், வைஃபை-புளூடூத், மோடம். தள்ளினால் மின்சாரமே போகாது. பைன்போன் என்கிற இன்னொரு லினக்ஸ் போனில் ஆறு ஸ்விட்ச் உண்டு, ஆனால் பின்மூடியைக் கழற்றிக் குண்டூசி மாதிரி எதையாவது வைத்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் யார் மூடியைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்? எனக்கு மைக்குக்கு மட்டும் ஒன்று, வெளியே, விரலுக்கு எட்டுகிற மாதிரி இருந்தால் போதும்.

நம் ஊரில் நிஜமாக ஆட்கள் அடிபடுவது மோடத்தால் இல்லை, பர்மிஷனால். கடன் ஆப்களை எடுத்துக்கொள்ளுங்கள். காண்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதி கேட்கும், கொடுக்காவிட்டால் நகராது. அவசரத்தில் இருப்பவர் கொடுத்துவிடுவார். தவணை ஒரு நாள் தாண்டியதும் மாமனாருக்கும் மேனேஜருக்கும் போன் போகும். கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், கால் லாக், கோப்புகளைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கி பக்கமே வராத ஆப்புக்கு அது யார் பேச்சோ.

கிராஃபீன் ஓஎஸ்ஸில் இதற்கு ஒரு வேலை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆப் காண்டாக்ட்ஸ் கேட்டால், 'கொடுத்தாச்சு' என்று அதனிடம் சொல்லிவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் காலி டப்பா. நாமாக எடுத்துப் போட்ட பெயர் மட்டும்தான் இருக்கும். கோப்புகளுக்கும் அப்படியே. இன்டர்நெட்டையே ஆப் வாரியாக நிறுத்தலாம். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால்தானே சண்டை. தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது நமக்குத் தெரியாத வித்தையா?

இன்டர்நெட் நிறுத்துவது என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது கீபோர்டு. நாம் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்டு உட்பட, அதன் வழியாகத்தான் போகிறது. தமிழ் அடிக்க ஏதோ ஒரு ஆப்பை இறக்கி, அது கேட்ட எல்லாவற்றுக்கும் சரி சொல்லியிருக்கிறோம். ஓப்பன் சோர்ஸ் போன் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்99 கீபோர்டு போனோடேயே வர வேண்டும், இன்டர்நெட் அனுமதி இல்லாமல் வேலை செய்ய வேண்டும், அடுத்த சொல்லைச் சுமாராகவாவது ஊகிக்க வேண்டும். எங்கள் அம்மா குரலில்தான் தேடுவார், அதற்குத் தமிழில் போனுக்குள்ளேயே இயங்குகிற ஏற்பாடும் வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டும் ஜன்னல் வழியாக எல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ரிப்பேர் கடை. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தால் பையன் ஒரு துண்டுச்சீட்டில் ஒன்பது புள்ளி வைப்பான். "பேட்டர்ன் போடுங்க சார்." நாம் அதன் மேல் கோடு இழுப்போம். அந்தச் சீட்டைச் செல்லோடேப்பால் போனின் முதுகிலேயே ஒட்டி, மற்ற பதினைந்து போன்களோடு தட்டில் போட்டுவிடுவான். உலகத்தரமான குறியாக்கம், சாவி முதுகில். பையன்மேல் தப்பில்லை, டச் வேலை செய்கிறதா என்று அவன் பார்த்தாக வேண்டும். சாம்சங் போன்களில் இதற்கென்று மெயின்டனன்ஸ் மோடு இருக்கிறது. போட்டோ, செய்தி எதுவும் தெரியாது, ஆனால் டச், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் சோதிக்கலாம். இது ஒவ்வொரு ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ்ஸிலும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டாமா? பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறை அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

மிரட்டிக் கேட்டால் அடிப்பதற்கென்று ஒரு தனி பின், அடித்ததும் எல்லாம் அழிந்துவிடும் என்பதும் கிராஃபீனில் உண்டு. எங்கள் வீட்டில் வைத்தால் அடுத்த வாரமே அக்கா பையன் அடித்துவிடுவான். வேண்டாம்.

பேட்டரியை நானே மாற்ற முடிய வேண்டும், பேட்ச் எட்டு வருடமாவது வர வேண்டும். ஃபேர்போன் 5-க்கு 2031 வரை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே விற்பதில்லை. சென்னை ஐஐடியில் அடைகாக்கப்பட்ட நிறுவனம் செய்த பார்ஓஎஸ் என்கிற போன் ஓஎஸ்ஸை 2023 ஜனவரியில் அமைச்சர்கள் கையில் வைத்துக் காட்டினார்கள். திணித்த ஆப் எதுவும் இல்லை என்றார்கள், நல்ல விஷயம். ஆனால் அது ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கானது என்றும் சொன்னார்கள். ரகசியம் எனக்கும் உண்டு ஐயா.

இதற்கிடையில் கூகுள், யார் எழுதினார்கள் என்று தன்னிடம் பதிவு செய்யாத ஆப்களை, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்துகூட சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஏற்ற விடப்போவதில்லை என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. முதலில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. கூச்சல் எழுந்ததும், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு சுற்றுவழி வைப்பதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்குள் வர என் விருந்தாளிக்கு இனி வழி சுற்று.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இருந்தும் 340 ரூபாய் கட்ட முடியாத போனை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் போனுக்கு வாட்ஸப் மாதிரி, இன்றைய ஓப்பன் சோர்ஸ் போனுக்கு யுபிஐ. பல ஆப்கள் கேட்பது 'இது கூகுள் அங்கீகரித்த போனா' என்பதை. கேட்க வேண்டியது 'பூட்டு பூட்டியிருக்கிறதா, எந்தச் சாவியால், பேட்ச் எந்தத் தேதி' என்பதை. இந்த மூன்றுக்கும் போனின் சிப்பே கையெழுத்திட்டுப் பதில் தரும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. கிராஃபீன்காரர்கள் தங்கள் சாவியின் அடையாளத்தையும், அதை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் வெளியிட்டே வைத்திருக்கிறார்கள். வங்கியின் நிரலாளருக்குப் பெரிய வேலை இல்லை, மேலே இருப்பவர் சம்மதிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதி, இரண்டு போன்களின் பேட்ச் தேதியையும் படம் பிடித்து வங்கிக்கு அனுப்பினேன். 'அதிகாரப்பூர்வ மென்பொருள் உள்ள சாதனத்தைப் பயன்படுத்தவும்' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், இந்த முறை ஒரே கேள்வி: இந்த இரண்டில் எதைப் பாதுகாப்பானது என்கிறீர்கள்? புகார் எண் கொடுத்தார்கள். நான்காம் நாள் டிராயருக்குள் இருந்து டொங் என்று ஒரு சத்தம். சிம் இப்போது அந்தப் போனில்தான் குடியிருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், எஸ்எம்எஸ்: 'தங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது.'