பெட்ரோல் செலவு கூடினால் கார்பரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டில் 1997இல் வாங்கிய மாருதி 800 ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டி. இந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டாலும், நம் பக்கத்துத் தோட்டங்களில் தேங்காய் மட்டைக்கும் தீவன மூட்டைக்கும் நடுவே அது இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மைலேஜ் குறைந்துவிட்டது என்று பட்டறைக்குப் போனவுடன் கார்பரேட்டரைக் கழற்றும் வழக்கம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. முதலில் அளக்க வேண்டும், அடுத்துக் கசிவைத் தேட வேண்டும், கார்பரேட்டரை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, இந்த ஆனி மாதத்தில் 13க்கு இறங்கியது. காலையில் ஷெட்டைத் திறந்தால் லேசான பெட்ரோல் வாடை வந்தது; தரையில் ஒரு சொட்டும் இல்லை. பட்டறையில், எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள். மூன்றும் கரி படிந்து கறுத்திருந்தன. பெட்ரோல் அதிகமாக எரிகிறது என்பதற்கு அது சரியான அடையாளம்தான். உடனே கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள், அதில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டையும், உள்ளே வரும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியையும் மாற்றினார்கள், ஐடிலிங் திருகைத் திருப்பினார்கள். பத்து நாளில் பிளக்குகள் மீண்டும் கறுத்தன. “பழைய வண்டிங்க, இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்கு இவ்வளவுதானுங்க குடுக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 20 விழுக்காடு கலந்த பெட்ரோலில் மைலேஜ் குறையும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. 16இல் 7 விழுக்காடு போனால் 15க்குச் சற்றுக் கீழே வரும், 13 வராது. மீதமுள்ள இரண்டு கிலோமீட்டர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எல்லாக் குறைகளையும் எத்தனாலின் தலையில் கட்டிவிட்டால், தேடுவதே நின்றுபோகிறது.

அளப்பது எளிது. ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில், தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டிய பின் அதே இடத்தில் மீண்டும் நிரப்பினால், ஊற்றிய லிட்டர்தான் செலவு. டேங்க் முள்ளை நம்பக் கூடாது. நம் பகுதிக்கென்று இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தாராபுரம், உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகளையே சுழற்றுகிறது. அதற்கு எதிராகப் பொள்ளாச்சி நோக்கி ஓட்டினால் 800 போன்ற எடை குறைந்த கார் கூடுதலாகத் தவிக்கும். எனவே போக்கையும் வரவையும் சேர்த்தே அளக்க வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் ஏறியதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நான் கவுந்தப்பாடி, சித்தோடு வழியாக ஈரோட்டுக்குப் போய்வரும் வழக்கமான பாதையில் மட்டும் அளந்தேன்: 300 கிலோமீட்டருக்கு 23 லிட்டர். டயரையும் பார்த்தேன். இந்த வண்டிக்கு 145/70 அளவுள்ள 12 அங்குல டயர். அதற்குப் பதில் 145/80 போட்டிருந்தால் சக்கரத்தின் சுற்றளவு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடி, ஓடிய தூரத்தை ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். என் வண்டியில் டயர் சரியாகவே இருந்தது.

குறையைக் காட்டிக்கொடுத்தது டிப்ஸ்டிக், அதாவது எஞ்சின் ஆயிலின் மட்டத்தைப் பார்க்கும் குச்சி. மூன்று மாதமாக ஆயில் ஊற்றாத வண்டியில், ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. பழைய எஞ்சினில் ஆயில் குறையுமே தவிர அதிகரிக்காது. குச்சியை மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் வாடை. விரலில் தேய்த்தால் ஆயிலுக்குரிய வழவழப்பே இல்லை. இந்த வண்டியில் பெட்ரோல் பம்பு எஞ்சினிலேயே பொருத்தப்பட்டு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டால் இயங்குகிறது. அதற்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால், பெட்ரோல் பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியாக வெளியே கசியும்; சில வேளைகளில் எஞ்சினுக்குள்ளே இறங்கி ஆயிலில் கலக்கும். எங்கள் வண்டியில் இரண்டுமே நடந்திருந்தன. வெளியே வந்தது சூடான எஞ்சின் மீது விழுந்து ஆவியாகிவிட்டதால், தரையில் சொட்டு காணப்படவில்லை. உள்ளே போனது ஆயில் சூடேறும்போது ஆவியாகி, எஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய், மீண்டும் சிலிண்டருக்குள் நுழைந்தது. கார்பரேட்டர் தன் அளவைச் சரியாகவே கொடுத்துக்கொண்டிருக்க, அதற்கு மேல் இந்த ஆவியும் சேர்ந்துதான் பிளக்குகளைக் கறுக்க வைத்திருக்கிறது. அடையாளத்தைச் சரியாகப் படித்தும், காரணத்தைத் தவறான இடத்தில் தேடியிருக்கிறார்கள். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலோடு இன்னும் சில மாதங்கள் ஓடியிருந்தால் பேரிங்குகளே தேய்ந்துபோயிருக்கும். அதை நினைக்கும்போதுதான் எனக்கு வருத்தம் அதிகமாகிறது.

கசிவைத் தேடும்போது, எப்போது வாடை வருகிறது என்பதைக் கவனியுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வந்தால், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயின் ரப்பர், காற்றுப் போக்கி ஓஸ், டேங்கின் மேல்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தால் பம்பு, ஓஸ், மிதவை ஊசி. இரவெல்லாம் நின்ற வண்டியின் அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்து, விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பேட்டரி டார்ச்சில் பார்ப்பதே நல்லது. சூடான பிறகு ஈரம் காய்ந்து, பழுப்புக் கறை மட்டுமே எஞ்சும். பழைய ரப்பர் ஓஸ்களை எத்தனால் கலந்த பெட்ரோல் விரைவில் கெடுக்கிறது. மடக்கினால் வெடிப்புத் தெரியும் ஓஸ் எதுவாக இருந்தாலும், கிளாம்பை இறுக்கிச் சமாளிக்காமல், எத்தனாலைத் தாங்கும் ஓஸ்தானா என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகும். ஆனால் பணத்தைவிடப் பெரிது நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கும். சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து எழும் என்றால், நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். தோட்டத்து வீடுகள் பலவற்றில் கார் ஷெட்டை ஒட்டியே வெந்நீர் அடுப்பு எரிகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. வாடை தெரிந்த நாளிலேயே வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். நான் அதைச் செய்ததோ மூன்று வாரம் கழித்து. டேங்கில் ஓட்டை விழுந்தால் துணி சோப்பைத் தேய்த்து அடைப்பது வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்ப்பதற்கு மட்டுமே. பெட்ரோல் இருந்த டேங்க்கைச் சரியாகக் கழுவி ஆவி நீக்காமல் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கசிவே இல்லையென்று உறுதியானால், அடுத்து பார்க்க வேண்டியவை சில உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் கேபிளைத் திரும்பத் தள்ளியபின் கார்பரேட்டரின் காற்றுத் தகடு முழுவதும் திறக்கிறதா, ஜாக்கியில் ஏற்றினால் சக்கரம் பிரேக் பிடிக்காமல் தாராளமாகச் சுற்றுகிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாகிவிடும் என்று பயந்து, எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகி, கூடுதல் பெட்ரோலைக் குடிக்கும்.

பம்பையும் இரண்டு ஓஸ்களையும் மாற்றி, ஆயிலை முழுதாக வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஃபில்டரையும் மாற்றிய பின், அதே ஈரோட்டுப் பாதையில் மீண்டும் அளந்தேன். 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பிடித்தது, அதாவது லிட்டருக்கு 15. எத்தனாலுக்கு உரிய குறைவு அவ்வளவுதான். வெந்நீர் அடுப்பை வீட்டின் மறுபுறத்துக்கு மாற்றிவிட்டோம்.