வாய்க்காலில் கல்லை நட்டு மனை என்று விற்கிறார்கள்

காரைக்குடியிலிருந்து எந்த ரோட்டில் கிளம்பினாலும் கலர் கொடி பறக்கிறது. கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், அமராவதிப்புதூர், மானகிரி என்று எல்லாப் பக்கமும் இதே கதை. கருவேலங்காட்டை ஜேசிபி வைத்து வழிக்க வேண்டியது, கிராவலைக் கொட்டி நிரவ வேண்டியது, வெள்ளையடித்த கல்லை நட வேண்டியது, வாசலில் ஒரு ஆர்ச். நகர் ரெடி. 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று பேனர். அந்தப் பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிற பஸ் எது என்று கேட்டால் பதில் கிடையாது.

வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அஞ்சு சென்ட் வாங்கி ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோக வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு இந்த வட்டாரத்தில் இன்றைக்கு என்ன மரியாதை இருக்கிறது? டவுனுக்குள் எங்களைப் போன்றவர்களால் வாங்க முடியாது. காரைக்குடியில் கடையிலும் ஆபீசிலும் காலேஜிலும் வேலை பார்க்கிறவர்கள், விடிகாலையில் ரயிலேறித் திருச்சிக்குப் போய் இருட்டின பிறகு திரும்புகிறவர்கள், நாங்கள்தான் ஊருக்கு வெளியே இடம் தேடி அலைகிறோம். குடியிருக்கத் தேடுகிற எங்களுக்கு ஏற்ற மாதிரி ஒரு மனையாவது போட்டிருக்கிறார்களா என்றால் இல்லை.

பள்ளத்தூர் பக்கம் ஒரு லேஅவுட். வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள், மோர் கொடுத்தார்கள், வரைபடத்தை விரித்தார்கள். பதினாலாம் நம்பர், கிழக்குப் பார்த்த மனை, கார்னர் வேறு. நான் ரோட்டில் ஏறி நின்று பார்த்தேன். ரோட்டுக்கு அடியில் கருங்கல் வைத்துக் கட்டிய ஒரு பழைய சின்னப் பாலம். மேற்குப் பக்கம் அதன் வாயில் சருகும் பாலிதீன் பையும் வந்து அடைத்திருக்கின்றன. மணலில் தண்ணீர் ஓடிய வரி இன்னும் அழியவில்லை. கிழக்குப் பக்கம் பாதி வாயைக் கிராவல் மூடிவிட்டது. மீதி வாய் திறக்கிற இடத்துக்கு நேர் எதிரே நிற்கிறது பதினாலாம் நம்பர் கல்.

"இது என்ன பாலம்ணே?" என்று புரோக்கரிடம் கேட்டேன்.

"அது பழசு சார். இப்பல்லாம் தண்ணி வர்றதே இல்ல."

"தண்ணி வராத எடத்துக்கு எதுக்குப் பாலம் கட்டுனாங்க?" என்றாள் என் மனைவி.

"மேடம், மூணு அடிக்கு மண்ணடிச்சுக் குடுத்துர்றோம். அப்புறம் உங்களுக்கு என்ன?"

இந்த மூணு அடி மண்ணை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது. என் மனையை மூணு அடி தூக்கினால் அந்தத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும். அவன் நாலு அடி தூக்குவான். கடைசியில் மண்ணடிக்க வசதி இல்லாமல் தெருக்கோடியில் இருக்கிற பழைய ஓட்டு வீட்டின் அடுப்படியில் போய் நிற்கும். கீழே இருக்கும் கண்மாய்க்கு ஒரு சொட்டுப் போகாது. கண்மாய் காய்ந்தால் சித்திரை வைகாசியில் சுற்றுவட்டாரத்து போர்வெல்லில் எல்லாம் வெறும் காற்றுதான் வரும். அப்போது அதே ஆள் வந்து, "ஆயிரம் அடிக்குப் போடுங்க சார், நம்ம வண்டி இருக்கு" என்பான்.

இதைச் செட்டிநாட்டில் செய்கிறார்களே என்பதுதான் தாங்க முடியவில்லை. பெரிய ஆறு பாயாத சீமை இது. ஊர் போட்டவர்கள் முதலில் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். தெருக்களை நேராக விட்டு, வாட்டம் பார்த்து, முற்றத்தில் விழுகிற மழையும் தெருவில் ஓடுகிற மழையும் ஊருணிக்குப் போய்ச் சேர வழி வைத்தார்கள். முன்னோர் பூம்புகாரில் இருந்தபோது வெள்ளத்தால் பட்ட பாட்டை மறக்காமல்தான் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்று நகரத்தார் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். வீட்டை உயர்த்தியவர்கள் தண்ணீர் போக வழியும் விட்டார்கள். இந்த ஊர் அமைப்புக்கும் சேர்த்துத்தான் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பிடித்தன. காரைக்குடி இன்றைக்கும் சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கிறது. அந்த ஊற்று மண்ணுக்குள் இறங்கின மழையால் வாழ்கிறது. இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்து வாய்க்காலுக்குக் குறுக்கே கல்லை நட்டு அதற்கு ஒரு அம்மன் பேரையும் வைக்கிறார்கள்.

கேட்டால் உடனே "பட்டா இருக்கு சார்" என்று ஜெராக்ஸை நீட்டுகிறார்கள். பட்டா நிலத்துக்குள் ஓடை ஓடாதா? நிலத்தின் அளவு வரைபடமான எஃப்எம்பி ஸ்கெட்சைக் கொடு, வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் பக்கத்துச் சர்வே நம்பர் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று காட்டு என்றால், "நீங்க ரொம்பப் படிச்சவரா இருக்கீங்க" என்று முகம் மாறுகிறது. கண்மாயைக் காப்பாற்ற 2007இலேயே சட்டம் போட்டாயிற்று. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வருகிற வாய்க்காலை அடைத்துவிட்டுக் கண்மாய்க் கரையை மட்டும் காப்பாற்றி என்ன பண்ண?

அங்கீகாரக் கதையை எடுத்தால் அது இன்னொரு எரிச்சல். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவு போட்டது. அடுத்த வருஷம் அப்படிப்பட்ட பழைய மனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20ஆம் தேதியை எல்லையாக வைத்து. இன்றைக்கும் "அப்ரூவல் ரெண்டு மாசத்துல வந்துரும், இப்ப அக்ரிமென்ட் போட்டுக்குவோம்" என்று அட்வான்ஸ் கேட்கிறார்கள். லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் போனால், மனை விற்பனையைக் கண்காணிக்கிற ரெரா ஆணையத்தில் பதிவு வாங்காமல் விளம்பரமே செய்யக் கூடாது. இங்கே பேனரில் நடிகர் படம் இருக்கிறது, பதிவு எண் இல்லை. சொந்தக்காரர் சார்பில் விற்க பவர் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறவர் நிலச் சொந்தக்காரர் மாதிரியே பேசுகிறார். வெறும் பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லியாயிற்று. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

எல்லாப் பேப்பரும் சுத்தமாக இருக்கிற ஒரு இடம் அமைந்தது. அங்கேயும் சம்பளக்காரன் தலையில் இடி. சதுர அடி 1,200 ரூபாய் சொன்னார்கள். அஞ்சு சென்ட் என்றால் 2,178 சதுர அடி, 26 லட்சத்தைத் தாண்டும். பத்திரத்தில் மட்டும் 400 ரூபாய்க் கணக்காம், அதாவது 8 லட்சத்து 71 ஆயிரம். மிச்சம் 17 லட்சத்துக்கு மேல் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், அதற்குத் துண்டுச் சீட்டுகூடத் தர மாட்டார்கள். பேங்க்காரன் பத்திரத்தில் இருக்கிற தொகையைப் பார்த்துத்தான் மனைக்குக் கடன் தருவான். மாசா மாசம் வரியைப் பிடித்துக்கொண்டு அக்கவுண்டில் சம்பளம் வாங்குகிறவன் 17 லட்சம் நோட்டுக்கு எங்கே போவான்? நகையை அடகு வைத்து, கந்துவட்டிக்கு வாங்கி, மாமனாரிடம் கைநீட்டி, அப்படித்தான் போகிறான்.

"முழுத் தொகையையும் பத்திரத்துல போடுங்க, முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், நானே கட்டிக்கிறேன்" என்று சொன்னேன். எனக்கு அது 2 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். அப்படியும் முடியாது என்கிறார்கள். அவர்களுக்கு லாபத்தில் வரி விழுமாம். நிலம் விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. பத்திர ஆபீஸ் வாசலில் இதைச் சொன்னால் என்னைத்தான் விவரம் இல்லாதவன் மாதிரி பார்க்கிறார்கள். நேர்மையாகக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிற ஒரு குடும்பத்தால் நேர்மையாக அஞ்சு சென்ட் வாங்க முடியவில்லை. இது கேவலம், இந்த ஊருக்கே கேவலம்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது? 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது, ஏறிற்று. சட்டக் கல்லூரி, ஏறிற்று. மேலூர் நாலுவழிச் சாலை, ஏறிற்று. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்துக்கு மறுபடி உயிர் வரும் என்று பேச்சு கிளம்பினாலே ஏறுகிறது. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கே குடிவரப் போவதே இல்லை. சிங்கப்பூரில், துபாயில், சென்னையில் இருந்துகொண்டு நாலு மனை, ஆறு மனை என்று வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட நகர்களைப் போய்ப் பாருங்கள். நாலைந்து வீடு இருக்கும். மற்றதெல்லாம் மறுபடி கருவேலமரம், கல் இருக்கிற இடமே தெரியாது. அந்த நாலைந்து வீட்டுக்காரர்கள் பாம்புக்குப் பயந்து சாயங்காலமே கதவைச் சாத்துகிறார்கள்.

தெருவிளக்கு கேட்டால், "ரோட்டை இன்னும் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கலை, நாங்க எப்படிப் போடுறது?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். மனைப்பிரிவு போட்டவர் ரோட்டையும், பெரிய லேஅவுட் என்றால் பூங்காவுக்கான பத்து சதவீத இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். எழுதாமல் போனவர் போன் நம்பரை மாற்றிவிட்டார். வரைபடத்தில் பச்சையடித்துக் காட்டிய பூங்காவில் ஆடு மேய்கிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021லிருந்து டிக்கெட் காசு கிடையாது, நல்ல விஷயம். என் மனைவியைப் போன்றவர்களுக்கு மாசத்தில் பெரிய தொகை மிச்சம். ஆனால் அந்த பஸ் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. அங்கிருந்து நகருக்குள் இரண்டு கிலோமீட்டர், இருட்டில், நடை.

டவுனுக்குள்ளே என்ன நிலைமை? தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கொள்ளுத்தாத்தா பேரில் பத்திரம், முப்பது நாற்பது பங்காளிகள், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஒரே ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் எதுவும் நடக்காது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பூர்வீக வீட்டை விற்கக் கை நடுங்கும், பெண் பிள்ளைகளின் பங்கையும் முறையாகக் கொடுக்க வேண்டும். ஆனால் பாகப்பிரிவினை செய்து, பின்கட்டையாவது காலிமனையையாவது உள்ளூர்க் குடும்பத்துக்குக் கொடுக்கலாமே. ஓடு சரிந்து, பர்மா தேக்குத் தூண் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகிற வரைக்கும் காத்திருக்கிறார்கள். பிறகு அந்த இடமும் யாருக்கும் உதவுவதில்லை.

மாநகராட்சிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனு எழுதியிருக்கிறேன். கேட்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன்னால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு அதிகாரி அந்த இடத்தில் வந்து நிற்கட்டும். ரோட்டுப் பாலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வாய்க்காலை அளந்து அரசாங்கக் கல்லை நடட்டும். தானப்பத்திரம் பதியாத லேஅவுட்டில் ஒரு மனையைக்கூடப் பதியாதீர்கள். பதிவு எண் இல்லாத பேனரைக் கிழியுங்கள். மனு வாங்கினதற்கு ரசீது வந்திருக்கிறது. பதினாலாம் நம்பர் மனைக்கு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம், புரோக்கர் போனில் சொன்னார். அந்தக் குடும்பம் யாரென்று எனக்குத் தெரியாது. இதைப் படித்தால், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன்னால் ரோட்டில் ஏறி நின்று அந்தப் பாலத்தைக் குனிந்து பாருங்கள்.