அத்வானியின் ரதமும் எங்கள் கோனியம்மன் தேரும்

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வருசத்துக்கு நாலு தடவையாவது அந்தப் படம் வந்துவிடும். 2024 மார்ச் 31 அன்று டெல்லியில் பாஜக மூத்த தலைவர் அத்வானியின் வீட்டுக்கே போய் ஜனாதிபதி பாரத ரத்னா கொடுத்த படம். கீழே, "கட்டுனவரு ஒருத்தரு, குடி போனவங்க வேற. பாவம் பெரியவரு" என்று ஒரு வரி. போன வாரம் என் மச்சான் போட்டிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் அடுத்த சீர்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார், அதனால் இங்கே எழுதுகிறேன்.

கட்சியைக் கட்டினவர் அவர்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. 1984 தேர்தலில் பாஜகவுக்கு வந்தது இரண்டே இடம். 1986-ல் அவர் தலைவரானார், 1989-ல் இமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூரில் கூடி அயோத்தியில் ராமர் கோயில் கட்டுவதைக் கட்சியின் கோரிக்கையாக எடுத்தார்கள், அந்த வருசமே 85 இடம். 1991-ல் 120. அப்புறம் 2009-ல் பிரதமர் வேட்பாளராக நின்று தோற்றார். 2014-ல் 'வழிகாட்டும் குழு' என்று ஒன்றில் உட்கார வைத்தார்கள். 2019-ல் அவருடைய காந்திநகர் தொகுதியும் அமித் ஷாவுக்குப் போய்விட்டது. இதெல்லாம் பங்காளிச் சண்டை. அந்தக் கட்சிக்காரர்கள் வருத்தப்படட்டும், நான் எதற்குப் படணும்?

எனக்கு அந்த மனுசரிடம் பிடித்த விசயம் ஒன்று உண்டு. 1996-ல் ஹவாலா டயரியில் (அரசியல்வாதிகளுக்குக் கள்ளப்பணம் கொடுத்ததாகக் கணக்கு எழுதிய டயரி) பெயர் அடிபட்டதும் எம்.பி. பதவியை விட்டார். வழக்கிலிருந்து வெளியே வரும் வரை தேர்தலில் நிற்க மாட்டேன் என்றார், சொன்னபடி அந்தத் தேர்தலில் நிற்கவும் இல்லை. விடுவிக்கப்பட்ட பிறகுதான் 1998-ல் நின்றார். இன்றைக்கு வார்டு கவுன்சிலரிடம்கூட அந்தக் கறாரை எதிர்பார்க்க முடியாது.

அந்தக் கறார் 1992 டிசம்பர் 6 விசயத்தில் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. அயோத்தியில் பாபர் மசூதி இடிந்தபோது அவர் பக்கத்து மேடையில் இருந்தார். என் வாழ்க்கையில் மிகத் துக்கமான நாள் அது என்று பின்னால் சொன்னார். சரி. ஆனால் அந்த இடிப்பு வழக்கு அவர்மேல் நிலுவையில் இருக்கும்போதே 1998-ல் உள்துறை அமைச்சர், 2002-ல் துணைப் பிரதமர். டயரியில் இருந்த பெயருக்காக வழக்கு முடியும் வரை ஒதுங்கி நின்றவருக்கு, கண்ணெதிரே இடிந்த வழக்கில் அப்படி ஒதுங்கத் தோன்றவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றம் மசூதி இருந்த அந்த 2.77 ஏக்கரையும் கோயிலுக்குத்தான் கொடுத்தது, ஆனால் அதே தீர்ப்பில் இடித்தது சட்டத்தை அப்பட்டமாக மீறிய செயல் என்றும் எழுதியது. மசூதிக்கு வேறிடத்தில் 5 ஏக்கர் கொடுக்கச் சொன்னது. மறு வருசம் இடிப்பு வழக்கில் லக்னோ சிறப்பு நீதிமன்றம் அத்வானி உட்பட 32 பேரையும் விடுதலை செய்தபோது பெரியவர் வீட்டிலிருந்து ஜெய் ஸ்ரீராம் சொல்லி வரவேற்றார். துக்கமான நாளைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் கோவையில் மாசி மாதம் கோனியம்மன் தேர் ராஜ வீதித் தேர்நிலைத் திடலில் கிளம்பும். வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஓடுகிறவர்களைப் பாருங்கள். திருப்பத்தில் எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை கொடுக்கணும், எப்போது உருவணும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். கை ஒரு நொடி பிசகினால் தேர் கடைக்குள் போய்விடும், இல்லாவிட்டால் கால் போய்விடும். ஒப்பணக்கார வீதி அத்தர் ஜமாத் பள்ளிவாசல்காரர்கள் தேருக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதையும் அங்கே பார்க்கலாம்.

1990 செப்டம்பர் 25 அன்று அத்வானியோடு குஜராத் சோமநாத்தில் அயோத்திக்குக் கிளம்பியது டொயோட்டா வண்டியை ரதமாக மாற்றிய ஒன்று. பிற்படுத்தப்பட்டவர்களுக்கு மத்திய அரசு வேலையில் இடஒதுக்கீடு என்ற மண்டல் அறிவிப்பு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 23-ல் பீகார் சமஸ்திபூரில் முதல்வர் லாலு அவரைக் கைது செய்தார். ஆதரவை பாஜக விலக்கிக்கொள்ள, நவம்பரில் பிரதமர் வி.பி.சிங்கின் ஆட்சி போனது. வடம் பிடிக்க லட்சம் பேர் இருந்தார்கள். கட்டை போடுகிற ஆள்தான் இல்லை.

அந்த ரதம் கோவைக்கு வரவில்லை. எட்டு வருசம் கழித்து அவரே வந்தார். 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. ஆர்.எஸ்.புரத்தில் தேர்தல் கூட்டம். எனக்கு 21 வயது, ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப்போடும் வேலை. நாலு மணி வாக்கில் சத்தம் கேட்டது. அத்வானி வந்துட்டாராட்டிருக்குது, பட்டாசு வெடிக்கறாங்க என்று முதலாளி சொன்னார். இரண்டாவது சத்தத்துக்கு எதிர்க்கடை ஷட்டர் இறங்கியது. மேசையில் ஒரு அம்மா பிரித்து வைத்த பட்டுச்சேலை அப்படியே கிடந்தது, அந்த அம்மாவைக் காணோம். செல்வபுரம் வழியாகப் பேரூருக்கு நடந்தே போனேன். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையிலும் ஆள் இல்லை. அவருடைய விமானம் தாமதமானதால் அவர் தப்பினார். ஊரில் 58 பேர் செத்தார்கள்.

குண்டு வைத்தவர்கள் கொலைகாரர்கள். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதற்கு இரண்டரை மாதம் முன்னால் உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலரைக் கொன்றதும், அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் செத்ததும் அதே கணக்கில் வரும். ரதம்தான் குண்டு வைத்தது என்று நான் சொல்லவில்லை. அயோத்தி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஊரில், பேரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பையைப் பார்த்துப் பயப்பட வைத்த வருசங்கள் அவை. குண்டு வெடித்த கையோடு நடந்த அந்தத் தேர்தலில் கோவையில் பாஜகவின் சி.பி.ராதாகிருஷ்ணன் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பின்னால் மாநிலத் தலைவராக அவரும் 93 நாள் ரதம் ஓட்டினார். 2025-ல் துணை ஜனாதிபதி. திருப்பூர்க்காரர் என்று எங்கள் குழுவில் அன்றைக்கு முழுக்க வாழ்த்துதான்.

மச்சான் என்னை ராமருக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. 2024 ஜனவரி 22 அன்று டிவியில் பிரதிஷ்டை காட்டியபோது எங்கம்மா வாசலில் விளக்கு வைத்தது. நானும் கும்பிட்டேன். குளிர் என்று அத்வானி போகவில்லையாம் என்று செய்தியில் சொன்னார்கள். "வயசாச்சுல்ல கண்ணு" என்றது அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "நம்மூருக்கு குண்டு வெடிச்சன்னைக்கு வந்தாரே, அவருதானே?" என்று கேட்டது.