நாங்குநேரியில் சிங்கவால் குரங்கா?

"நாங்குநேரி பக்கம் சிங்கவால் குரங்கு வாழுது, கம்ப்யூட்டரே சொல்லிட்டு" என்று வாட்ஸ்அப்பில், நாங்குநேரிக்கும் நிறம் பூசிய ஒரு வரைபடம் சுற்றுகிறது. தவறு. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், மர உச்சியிலேயே காலம் தள்ளும் பிராணி. அதற்காகத்தான் 1976இல் களக்காடு சரணாலயமே வந்தது. பனையும் உடைமரமும் நிற்கிற பொட்டலில் அதற்கு என்ன வேலை?

சரி, நிறம் எப்படி வந்தது? இத்தகைய வரைபடம் நேரில் பார்த்து வரைவதல்ல. விலங்கு தென்பட்டதாகப் பதிவான இடங்களின் மழை, வெப்பம், உயரத்தைக் கணினி படித்து, அதே மாதிரி இடங்களுக்கெல்லாம் நிறம் பூசும். பதிவு பிசகினால் போச்சு. இடத்தின் அட்சரேகையை 8.5 என்பது போல ஒரு தசம இலக்கத்தோடு நிறுத்தினால், அது குறிக்கும் கட்டம் சுமார் 11 கிலோமீட்டர். மலையும் வயக்காடும் ஒன்றாக விழும். அருங்காட்சியகத்தில் உள்ள பழைய விலங்கு மாதிரியின் சீட்டில், கிடைத்த இடம் 'திருநெல்வேலி' என்று மட்டும் இருந்தால் இன்னும் மோசம். 1986 வரை தூத்துக்குடியும், 2019 வரை தென்காசியும் இந்த மாவட்டம்தானே! அதை மாவட்ட நடுவில் புள்ளியாகக் குத்தினால் குரங்கு சமவெளிக்கு இறங்கிவிடும்.

உங்கள் ஓட்டுக்கூரையில் ஓடுவது, தலையில் வகிடெடுத்த மாதிரி முடியுள்ள நாட்டுக் குரங்கு. சிங்கவால் குரங்குக்கு இருக்கிற, கரிய முகத்தைச் சுற்றிய வெள்ளிப் பிடரி அதற்குக் கிடையாது.